தொட்டில் சீலையைத் துவைத்துவிட்டேன்

அம்மாவின் அம்மா, எங்கள் அம்மாயிக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சென்னிமலை வீட்டில் அவருடைய டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். பெரியம்மா, அம்மா, சின்னம்மா மூவரும் ஆளுக்கு இரண்டு சீலை எடுத்துக்கொண்டார்கள். பட்டு யாருக்கு என்பதில் கொஞ்ச நேரம் பேச்சு ஓடியது. மிச்சமெல்லாம் நைந்த நூல் சீலைகள். வீடு துடைக்க ஆகும் என்று ஒதுக்கியதை நான் வாங்கி வந்தேன். ஏழு சீலை, ஒரு துண்டு, அப்புறம் ஒரு மஞ்சள் பையில் சுருட்டி வைத்திருந்த நூல் கத்தை. அந்தக் கத்தை என்னவென்று அன்றைக்கு எனக்குத் தெரியவில்லை.

நான் துணியில் வேலை செய்கிறவள். பழந்துணியை அடுக்கி, ஒட்டுப் போட்டு, கையால் ஓட்டுத்தையல் போட்டு, சுவரளவு பெரிய துண்டுகளாகச் செய்கிறேன். வீட்டில் செத்துப்போனவர்களின் துணியை வைத்து ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் நிறையப் பேர் கேட்கிறார்கள், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று. எங்கிருந்து ஆரம்பிக்கக் கூடாது என்பதுதான் எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் நான் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன்.

அந்த ஏழில் ஒன்று தொட்டில் சீலை. உங்கள் ஊரில் தூளி என்றோ ஏணை என்றோ சொல்லலாம். பச்சை உடல், அரக்குக் கரை. இரண்டு தலைப்பிலும் ஒரு முழத்துக்கு முறுக்கு முறுக்காக மடிப்பு விழுந்து, இரும்பு மாதிரி இறுகிப்போயிருந்தது. விட்டத்தில் முடிச்சுப் போட்ட இடம் அது. நடுவில் குழந்தையின் எடை தாங்கிய இடத்தில் நெசவு தளர்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் சல்லடை போலத் தெரியும். அதைச் சுற்றி மூத்திரம் காய்ந்து காய்ந்து பழுப்பு வளையங்கள், ஒன்றின் மேல் ஒன்றாக. குளிப்பாட்டி எடுத்துப் போட்ட குழந்தையின் மஞ்சள் ஒருபக்கம், எண்ணெய்ப்பிசுக்கு ஒருபக்கம். அம்மாவுடன் பிறந்தவர்கள் நான்கு பேர். அப்புறம் பேரன் பேத்திகள் நாங்கள். இத்தனை பேரும் ஆடிய துணி.

எனக்குத் தோன்றியதெல்லாம் ஒன்றுதான்: அழுக்காக இருக்கிறது, துவைக்க வேண்டும். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். மெஷினில் போட்டேன், பவுடரும் போட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து வெளியே எடுத்தபோது முடிச்சு விழுந்த இரண்டு இடமும் கிழிந்து நார்நாராகத் தொங்கியது. நடுவில் இருந்த சல்லடை ஓட்டையாகிவிட்டது. வளையங்கள் இருந்த இடம் தெரியவில்லை. மஞ்சள் இருந்த இடம் மட்டும் செங்கல் நிறத்தில் சிவந்து கிடந்தது. ஆரத்திக்கு மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைக் கரைத்தால் சிவக்கிறதே, அதே வேலைதான். சோப்புப் பவுடரில் இருக்கும் காரம் மஞ்சளைச் சிவப்பாக்குகிறது. பிறகு எலுமிச்சைச் சாறு ஒரு துளி விட்டுப் பார்த்தேன், மஞ்சள் திரும்பி வந்தது. ஆனால் கரைந்துபோன மீதி எதுவும் வரவில்லை.

அம்மா அந்த வாரம் வந்தார். சீலையை எடுத்து முகத்தில் வைத்தார். "பவுடர் வாசம் வருது கண்ணு" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே வைத்தார். பெட்டியிலிருந்து எடுத்தபோது அதில் வசம்பும் திருநீறும் கலந்த ஒரு வாசம் இருந்தது. அதை முகர்ந்துகூடப் பார்க்காமல் தண்ணீரில் விட்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஆகவே முதல் விஷயம், எதையும் துவைக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதம். தரையில் வெள்ளைத் துணி விரித்து, சீலையை முழுதாகப் போட்டு, பக்கத்தில் அளவுகோல் வைத்து முழத்துக்கு முழம் படம் எடுங்கள். வெளிச்சம் மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் விழட்டும், அப்போதுதான் மடிப்பும் நைவும் தெரியும். எங்கே கிழிசல், எங்கே கறை, எங்கே யாரோ தைத்து மூடியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் சீலையின் வரைபடம் போட்டுக் குறியுங்கள். மிச்சம் இருந்த ஆறு சீலைக்கும் நான் இப்படித்தான் செய்தேன். ஒன்றில் இடுப்புப் பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்திருந்தது. தார் சுற்றும்போது, அதாவது நெசவுக்குக் குறுக்கே ஓடும் நூலைச் சின்னக் குழலில் சுற்றும்போது, ராட்டைக்குப் பக்கத்தில் ஒருபக்கமாகச் சாய்ந்தே உட்கார்ந்திருப்பார் அம்மாயி, வலது இடுப்பு எப்போதும் சுவரில் உரசிக்கொண்டே இருக்கும். அம்மாவின் அப்பா, எங்கள் அப்புச்சி, குழித்தறியில் போர்வை நெய்வார், தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்குள் போகும் தாரெல்லாம் அம்மாயி சுற்றியது. ஊரில் முக்கால்வாசி வீட்டில் இதே கதைதான். சென்னிமலைப் போர்வை என்று கடையில் கேட்டு வாங்குகிறோம், நெய்தவர் பேருக்கே அதில் இடமில்லை, தார் சுற்றியவரை யார் நினைப்பார்கள்? அந்தத் தேய்மானம் ஒன்றுதான் அவர் வேலை செய்ததற்கு என்னிடம் இருக்கும் சான்று. அதையும் துவைத்திருந்தால் வெறும் ஓட்டை என்று நினைத்து ஒட்டுப் போட்டு மூடியிருப்பேன்.

இரண்டாவது, வீட்டுப் பெரியவர்களைப் பேசவிட்டுப் பதிவு செய்துகொள்ளுங்கள், கையில் துணியைக் கொடுத்துவிட்டு. சும்மா உட்காரவைத்து "அம்மாயியைப் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் நல்லவர், உழைப்பாளி என்பதோடு முடிந்துவிடும். துணி கையில் இருந்தால் விரல் ஓரத்தைத் தடவும், தடவ தடவ வாய் தானாகத் திறக்கும். சின்னம்மாவும் பெரியம்மாவும் அந்தத் தொட்டில் சீலைக்குச் சண்டையே போட்டார்கள். அது தன் மகன் பிறந்தபோது எடுத்தது என்கிறார் ஒருவர். இல்லை, தம்பி பிறந்தபோது ஈரோட்டுச் சந்தையில் எடுத்தது என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி என்று முதலில் தோண்டிக்கொண்டிருந்தேன், பிறகு விட்டுவிட்டேன். இரண்டு தலைப்பிலும் இரண்டு பேர் சொன்னதையும் வெள்ளை நூலில் தைத்து வைத்திருக்கிறேன்.

அனுமதி கேட்பதும் இதோடு சேர்ந்ததுதான், நான் அதையும் தாமதமாகத்தான் செய்தேன். சின்னம்மா போனில் கோபமாகச் சொன்னார், "எங்கம்மா கட்டுன சீலையில கத்திரி வெக்காத." அதற்கப்புறம் இரண்டு மாதம் நான் எதையும் தொடவில்லை. வழி காட்டியது அம்மாதான். ஒரு சீலையை எடுத்தார், ஓரத்தைப் பல்லால் லேசாகக் கடித்தார், இரண்டு கையாலும் பிடித்துச் சர்ரென்று இழுத்தார். ஒரு முழம் நேர்க்கோடாகக் கிழிந்து வந்தது. "வெளக்குத் திரிக்குக் கிழிப்போம், பச்சப்புள்ளைக்குத் துணி கிழிப்போம். கிழிக்கிறது தப்பில்ல, வெட்டறதுதான் தப்பு" என்றார். சின்னம்மாவும் அதை ஒத்துக்கொண்டார். அன்றிலிருந்து இந்த வேலையில் கத்திரிக்கோல் இல்லை. நூல் துணியைக் கிழித்தால் அது ஓர் இழையைப் பிடித்துக்கொண்டே போகும், ஓரம் நெசவோடு நேராக இருக்கும், தைக்கவும் நன்றாக இருக்கும். ஆனால் ரொம்ப நைந்த துணியைக் கிழித்தால் பக்கத்து இழைகளும் அதிர்ந்து விட்டுப்போகும். அந்த மாதிரி இடத்தில் ஒரே ஓர் இழையை ஊசி முனையால் நெம்பி, மெதுவாக உருவி எடுத்துவிட்டால் அந்தக் கோட்டில் துணி தானே பிரிந்துவிடும்.

சரி, கட்டாயம் துவைத்தே ஆக வேண்டிய துணியும் உண்டு. பூஞ்சை பிடித்தது, பூச்சி முட்டை இருப்பது, வியர்வை உப்பு இறுகி மொடமொடவென்று ஆனது. அதற்கு முதலில் சாயம் போகிறதா என்று பாருங்கள். உள்மடிப்பில் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு துளி தண்ணீர் வைத்து, வெள்ளைத் துணியை மேலே அழுத்தி ஐந்து நிமிடம் விடுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணிக்குத் தண்ணீர் காட்டாதீர்கள். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும், உடல் போகாது, கரை போய்விடும். ஏறவில்லை என்றால் அகலமான தொட்டியில் கொசுவலை விரித்து, அதன்மேல் துணியை வைத்து, உப்புத் தண்ணீர் இல்லாமல் மழைத் தண்ணீரோ வடிகட்டிய தண்ணீரோ ஊற்றுங்கள். கசக்கக் கூடாது, பிழியக் கூடாது, உள்ளங்கையால் மேலிருந்து அழுத்தி அழுத்தி எடுப்பதுதான். தூக்கும்போது வலையோடு தூக்க வேண்டும், ஏனென்றால் பழைய துணி தண்ணீர் குடித்துவிட்டால் அதன் எடையே அதைக் கிழித்துவிடும். அப்படியே நிழலில் படுக்கை வசமாகக் காய விடுங்கள். கொடியில் போடவே வேண்டாம்.

இனி நூல். இதைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், என் முதல் துண்டு இதனால்தான் போனது. கெட்டியாக இருக்கட்டும், காலத்துக்கும் நிற்கட்டும் என்று பாலியஸ்டர் நூலில் தைத்தேன். எட்டு மாதம் கழித்து எடுத்துப் பார்த்தால் ஊசி போன துளையெல்லாம் நீளநீளமாகக் கிழிந்திருக்கிறது. நூல் ஒரு இடத்திலும் அறவில்லை, நூல் போன இடத்திலெல்லாம் துணி அறுந்திருக்கிறது. கத்தி மாதிரி அறுத்திருக்கிறது. புதுநூல் பழந்துணியைவிடப் பலமாக இருந்தால் இப்படித்தான் ஆகும். அறுந்தால் நூல் அறட்டும், திரும்பத் தைத்துக்கொள்ளலாம், துணி போனால் போனதுதான். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கிக் காந்தா தைக்கும்போது அதே பழைய சேலையின் கரையிலிருந்து நூலை உருவி எடுத்துத் தைத்தார்கள். சிக்கனத்துக்காக என்று நினைத்திருந்தேன். இப்போது அந்த முறையில் இருக்கும் அறிவும் புரிகிறது, துணியும் நூலும் ஒரே வயசு, ஒரே பலம்.

எல்லாச் சீலையிலும் நூல் உருவ முடியாது, பாதி வழியில் அறுந்துவிடும். நான் இப்போது பருத்தி நூலில், துணியின் இழையைவிட மெல்லியதாகப் பார்த்து எடுக்கிறேன். நூல் நம்பரைப் பற்றிக் குழம்ப வேண்டாம். 840 கெஜம் நீள நூலைச் சுற்றிய கத்தையைச் சிட்டம் என்பார்கள். அப்படி 20 சிட்டம் சேர்ந்து ஒரு பவுண்டு எடை வந்தால் அது இருபதாம் நம்பர் நூல். அதே எடைக்கு 80 சிட்டம் தேவைப்பட்டால் எண்பதாம் நம்பர். நம்பர் ஏற ஏற நூல் மெலியும். போர்வைக்கு இருபது மாதிரியான தடித்த நூல் போகும், மெல்லிய சீலைக்கு எண்பதும் நூறும். நைந்த சீலையின் மேல் போர்வை நூலை ஓட்டினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஊசியும் மெல்லியதாக, முனை மழுங்காததாக வேண்டும். அடியில் கொடுக்கும் துணி புதிதாக இருக்கக் கூடாது, பலமுறை துவைத்த மெல்லிய மல் துணி நல்லது. கஞ்சி போட்ட புதுத்துணி முதல் ஈரத்திலேயே சுருங்கி, மேலே இருப்பதைச் சேர்த்து இழுத்துவிடும். நான் நடுவிலிருந்து வெளியே போகும் தையல்தான் போடுகிறேன், சுருக்கம் ஓரத்துக்குத் தள்ளப்பட்டு வெளியேறிவிடும். வட கர்நாடகத்துச் சித்தி இனப் பெண்கள் கவந்தி என்ற ஒட்டுத்துணிப் போர்வை தைக்கும்போது ஓரத்திலிருந்து ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வருகிறார்கள். அதையும் செய்து பார்த்தேன், கைக்கு அவர்களுடைய பழக்கம் இல்லாமல் அது வராது.

சாயத்தில் நான் பட்ட பாடு இரண்டு. ஒரு துண்டுக்குக் கறுப்பு வேண்டும் என்று நம் பழைய வழியில் செய்தேன். துரு ஏறிய இரும்பும் வெல்லமும் தண்ணீரில் போட்டுப் புளிக்கவிட்டு, கடுக்காயில் ஊறவைத்த துணியில் அந்தத் தண்ணீரைத் தீட்டினால் கண்ணெதிரே கறுக்கும். அழகான கறுப்பு. ஆனால் இரும்பு துணியை உள்ளிருந்தே தின்னும். பழைய கலம்காரித் துணிகளில் சிவப்பு அப்படியே இருக்க, கறுப்புக் கோடு மட்டும் உதிர்ந்திருப்பதற்கு இதுதான் காரணம். அம்மாயியின் துணியில் இனி நான் இரும்பைக் காட்டமாட்டேன், கறுப்பு வேண்டுமென்றால் கறுப்பு நூல் இருக்கிறது. இன்னொன்று மஞ்சள். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த துண்டில் மஞ்சள் தோய்த்த பகுதி ஒரு கோடைக்குள் வெளிறி வெள்ளையாகிவிட்டது. மஞ்சளுக்கு வெயில் ஆகாது. அருங்காட்சியகங்களில் பழந்துணிக்கு 50 லக்ஸ் வெளிச்சம் போதும் என்று வைத்திருக்கிறார்கள், கண் பழகிக்கொள்ள ஒரு நிமிடம் ஆகும் அளவுக்கு மங்கல். வெளிச்சம் செய்த கேடு அன்றன்றைக்குச் சேர்ந்துகொண்டே போகும், இருட்டில் வைத்தால் திரும்பாது. இப்போது என் துண்டுகளுக்கு முன்னால் ஒரு திரை தொங்குகிறது. பார்க்க வருகிறவர்கள் விலக்கிப் பார்த்துவிட்டு மூடிவிடுவார்கள்.

எடுத்து வைக்கும்போது மடிக்காமல், வெள்ளைத் துணி சுற்றிய குழாயில் சுருட்டி வையுங்கள். மடித்தே ஆக வேண்டுமென்றால் வருடத்துக்கு ஒருமுறை மடிப்பு மாற்றுங்கள். ஆடி மாதம் பெட்டியை இறக்கி அம்மாயி இதைத்தான் செய்துகொண்டிருந்தார், பட்டுச் சீலைக்கு மட்டுமில்லாமல் எல்லாவற்றுக்கும். பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து ஓரமாக வைக்கலாம். அந்துருண்டை துணியில் பட வேண்டாம். இரும்புப் பெட்டி துருப்பிடித்தால் அந்தத் துரு துணியில் இறங்கும், உள்ளே ஒரு பழைய வேட்டியை விரித்துவிட்டு வையுங்கள்.

லூயிஸ் பூர்ஷ்வாவைப் பற்றிப் படித்தபோது எனக்கு ஒரு விஷயம் ரொம்ப ஆறுதலாக இருந்தது. 1911-இல் பாரிஸில் பிறந்தவர். அப்பா அம்மா பழைய சித்திரத் திரைச்சீலைகளைப் பழுதுபார்க்கும் பட்டறை வைத்திருந்தவர்கள். உலகம் முழுக்கத் தெரிந்த சிற்பியான பிறகு, எண்பது வயதைத் தாண்டி, தன்னுடைய, தன் அம்மாவுடைய பழைய துணிகளைப் பெட்டியிலிருந்து எடுத்துத் தைக்க ஆரம்பித்தார். அத்தனை வருடம் அந்தத் துணிகள் மடித்தே கிடந்திருக்கின்றன. அவசரமே இல்லை. அதைப் படித்த பிறகுதான் மீதிச் சீலைகளை இந்த வருடமே முடிக்க வேண்டும் என்ற தவிப்பு எனக்குப் போனது.

அந்த மஞ்சள் பை நூல் கத்தையைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். அம்மாயி வீட்டுக்கு எதிர்வீட்டில் இன்னும் தறி ஓட்டும் தாத்தா ஒருவர் இருக்கிறார், எண்பதைத் தொட்டவர். அவரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு விரலால் தொட்டதுமே, "இது பாவு மிச்சமுங்க அம்மிணி" என்றார். பாவு என்றால் தறியில் நீளவாக்கில் ஏற்றும் இழைகள். ஒரு பாவு முடியும்போது நெசவாளி அதை மொத்தமாக அறுத்து எடுத்துவிடுவதில்லை. தறியில் இழைகள் நுழைந்து போகும் அச்சுக்குள்ளும் விழுதுக்குள்ளும் கொஞ்சம் மிச்சம் விட்டு வைப்பார். புதுப்பாவின் ஒவ்வோர் இழையையும் பழைய பாவின் ஒவ்வோர் இழையோடு பிணைத்து, மெதுவாக இழுத்தால் புதுப்பாவு அதே வழியில் நுழைந்துவிடும். தறியில் ஏறும் ஒவ்வொரு பாவும் முந்தைய பாவின் வாலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறது. கடைசிப் பாவு முடிந்தபோது அப்புச்சி பிணைக்க அடுத்த பாவு வரவில்லை. கூலி கட்டவில்லை, விசைத்தறி வந்துவிட்டது. படுக்கை விரிப்பு கைத்தறிக்கு மட்டும் என்று 1985-இல் போட்ட சட்டம் இருந்தும் நிற்கவில்லை. மிச்சத்தை அறுத்து எடுத்துத் தறியைப் பிரித்திருக்கிறார். அதை அம்மாயி பையில் போட்டு வைத்திருக்கிறார், முப்பது வருடத்துக்கு மேல்.

நீளம் முக்கால் முழம்கூட இல்லை. சிவப்பும் வெள்ளையும் கலந்த இழைகள், ஒரு முனையில் அச்சின் இடைவெளி இன்னும் அப்படியே பதிந்திருக்கிறது, சீப்பு வாரிவிட்ட மாதிரி. அதை எங்கே வைத்துத் தைத்தாலும் குப்பை போலத் தெரிந்தது. ஒரு வருடம் அப்படியே வைத்திருந்தேன். போன மாதம் அம்மா வந்திருந்தபோது, மெஷினில் போட்டு நான் கெடுத்த தொட்டில் சீலையைத் தரையில் விரித்து வைத்திருந்தேன். கிழிந்த முடிச்சுப் பக்கத்தில் நார்நாராகத் தொங்கும் இழைகளை அம்மா கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பூஜை அறைக்குப் போய்த் திருநீறுத் தட்டை எடுத்து வந்து உட்கார்ந்தார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் திருநீற்றைத் தொட்டுக்கொண்டார். சீலையின் அறுந்த இழை ஒன்று, அப்புச்சியின் பாவு இழை ஒன்று, இரண்டு முனையையும் சேர்த்து விரலிடையில் ஓர் உருட்டு, மடக்கி எதிர்ப்பக்கம் ஓர் உருட்டு. முடிச்சே இல்லை. இழுத்துப் பார்த்தேன், நின்றது. சாம்பல் இல்லையென்றால் இழை வழுக்கும் என்றார். பள்ளிக்கூடத்துக்குப் போகும் முன்னால் காலையில் அப்புச்சிக்குப் பாவு பிணைத்துக் கொடுத்துவிட்டுத்தான் போவாராம். இத்தனை வருடத்தில் என்னிடம் சொன்னதே இல்லை, நானும் கேட்டதே இல்லை.

எனக்குச் சொல்லிக்கொடுத்தார். நான் பிணைத்ததில் பத்துக்கு ஏழு கழன்றுவிட்டது. அவர் பேசிக்கொண்டே, டிவியைப் பார்த்துக்கொண்டே ஒரு மணி நேரத்தில் ஒரு பக்கத்துத் தலைப்பை முடித்தார். இன்னொரு தலைப்பு இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், கண்ணாடி மாற்றக் கொடுத்திருக்கிறேன், அது வந்துவிடட்டும் என்றிருக்கிறார். திருநீறு தீர்ந்துவிட்டது, மலைக்குப் போகும்போது ஒரு பொட்டலம் வாங்கி வைக்க வேண்டும்.